பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சின்னப் பிள்ளையோடு: பீடோங்கிலிருந்து ஒரு காலைப் பயணம்

பீடோங், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர், கெடாவில் பழங்காலக் கோயில்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கை (மலாயில் லெம்பா பூஜாங்) பள்ளிப் பேருந்தில் ஒருமுறை போய்ப் பார்த்ததோடு சரி. பிள்ளை பிறந்த பிறகு திரும்பப் போகலாம் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்கிறார்கள். வெயிலில் படியேறி, மூச்சு வாங்கி, பிள்ளை அழுது, கோயிலைச் சரியாகப் பார்க்காமலே இறங்கி விடுகிறார்கள். இடத்தில் குறையில்லை. போகும் நேரமும் பார்க்கும் வரிசையும்தான் தப்பு. 3 முதல் 7 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்க இரண்டேகால் மணி நேரம் போதும். அதற்குள் ஒரே ஒரு கோயிலை நன்றாகப் பார்த்தால் போதுமானது.

எந்த நாள், எத்தனை மணிக்கு

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கு, பேராக்கிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதை மறந்து "ஞாயிறு போலாம்" என்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அன்று பள்ளி. சனிக்கிழமை காலைதான் தோது. வெள்ளிக்கிழமை என்றால் நண்பகல் தொழுகைக்கு இடைவேளை விடுவார்கள், ஆகவே 9 மணிக்கே உள்ளே இருந்து 12 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பெருநாள் சமயங்களில் கிளம்புவதற்கு முன் அருங்காட்சியகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட மாதங்கள், தரை காய்ந்திருக்கும், ஆனால் வெயில் கடுமை. செப்டம்பர், அக்டோபரில் நிழல் உண்டு, கல்லெல்லாம் வழுக்கும். எந்த மாதமானாலும் காலை 9 மணிக்கு அங்கே இருப்பது மாறாத விதி. பிள்ளை மதியம் 12.30க்குத் தூங்குகிறது என்றால் 11.15க்குக் காரில் ஏறிவிட வேண்டும். தூக்கம் தவறிய பிள்ளைக்கு முன்னால் எந்தச் சரித்திரமும் எடுபடாது.

முதல் நாள் இரவு: முட்டைத் தட்டில் ஒன்பது குழி

இந்த ஒரு வேலையைத் தவறவிடாதீர்கள். பயணத்தின் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

சண்டி என்றால் மலாயில் பழங்காலக் கோயில். அங்குள்ள பெரியது சண்டி புக்கிட் பத்து பாஹாட். அதன் அடித்தளத்தைத் தோண்டியபோது கருங்கல் பேழைகள் கிடைத்தன. நடுவில் ஒரு குழி, சுற்றி எட்டுக் குழி, மொத்தம் ஒன்பது. நம் ஊர்க் கோயில்களிலும் அடிக்கல் நாட்டும்போது நவமணி வைத்துப் புதைக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். பேழையை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் ஓட்டைக் கல். முதல் நாளே தானாக ஒன்று செய்து வைத்திருந்தால், "என்னோட பெட்டி மாதிரி இருக்கு!" என்று அதுவே கண்டுபிடிக்கும்.

30 முட்டை பிடிக்கும் அட்டைத் தட்டில் ஒரு மூலையிலிருந்து மூன்றுக்கு மூன்றாக ஒன்பது குழிகளை வெட்டி எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் பிள்ளையே ஒரு பொருள் வைக்கட்டும்: பச்சைப் பயறு, மொச்சை, ஒரு சிப்பி, 10 சென் காசு, சாகா மரத்து மஞ்சாடி, உடைந்த வளையல் துண்டு என்று வீட்டில் கிடைப்பது. வளையல் கண்ணாடியாக இருந்தால் நீங்களே எடுத்து வையுங்கள். பிறகு மூடி, ஒரு செங்கல்லை மேலே வைத்து, "இதுக்கு மேலதான் கோயில் கட்டுவாங்க" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மூன்று எச்சரிக்கை. மஞ்சாடி முழுச் சிவப்பு. சிவப்பில் கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி, அது நஞ்சு, வீட்டுக்குள்ளேயே கொண்டு வரக் கூடாது. ரப்பர் கொட்டையும் பச்சையாக வாயில் போடத் தகாதது. 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பயறு, காசு எதுவுமே வேண்டாம், தொண்டையில் சிக்கும். தட்டின் மேல் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மரக் கரண்டி என்று வாய்க்குள் போகாதவற்றை அடுக்கச் சொல்லுங்கள்.

பையில் என்ன

தண்ணீர் பெரியவர் ஒருவருக்கு 1 லிட்டர், பிள்ளைக்கு அரை லிட்டர், கை கழுவத் தனியாக அரை லிட்டர். பிள்ளைக்கு மாற்றுத் துணி இரண்டு செட். ஒன்று வேர்வைக்கு, ஒன்று ஆற்றுக்கு. ஒரு துண்டு, ஈரத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பை, தொப்பி, பிளாஸ்டர்.

காலுக்கு வார் வைத்த செருப்பு அல்லது கான்வாஸ் சப்பாத்து. ஜப்பான் சிலிப்பர் வேண்டவே வேண்டாம். பாசி பிடித்த படியில் முதலில் வழுக்குவது அதுதான்.

ஜெராய் மலையடிவாரம் என்பதால் கொசு உண்டு, மழைக்குப் பிறகு புல்லோரம் அட்டையும் இருக்கலாம். கொசு மருந்தை நேரே பிள்ளை முகத்தில் அடிக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். பிள்ளையின் கையில் மட்டும் தடவ வேண்டாம், அந்தக் கை உடனே கண்ணுக்கோ வாய்க்கோ போகும். அட்டை பிடித்தால் வெடுக்கென்று பிய்க்காமல், மெல்லிய வாய்ப் பக்கத்தில் நகத்தைக் கொடுத்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் நிற்காமல் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும். அம்மா கத்தினால்தான் பிள்ளையும் கத்தும்.

சாப்பாட்டில் பெரியவருக்கு நான்கு, பிள்ளைக்கு இரண்டு என்று பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி கார் சூட்டில் பதினொரு மணிக்குள் புளித்துப் போகும். பிசாங் மாஸ் (சின்ன வாழைப்பழம்) ஒரு சீப்பு போதும். சாப்பாட்டை மூடி போட்ட தூக்கில் வையுங்கள். சிவப்புப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் குரங்குக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி.

ஸ்ட்ரோலர் காரிலேயே இருக்கட்டும். சண்டிகளுக்குப் போகும் வழி ஏற்றமும் படியும்தான். ஒன்றரை வயதுக்குள் என்றால் பேபி கேரியர், அல்லது பாட்டியின் பழைய நூல் சேலை.

வழி

பீடோங்கிலிருந்து செமெலிங் வழியாக மெர்போக். மெர்போக் டவுனைத் தாண்டியதும் லெம்பா பூஜாங் பலகை பார்த்துத் திரும்பினால் மலையடிவாரம் வரை கார் போகும். நெடுஞ்சாலையில் வருபவர்கள் சுங்கை பட்டாணி உத்தாரா டோலில் இறங்கலாம். கைப்பேசி வரைபடத்தில் "மூசியம் ஆர்கியோலோஜி லெம்பா பூஜாங்" என்று தேடுங்கள். வெறும் லெம்பா பூஜாங் என்று போட்டால் பள்ளத்தாக்கில் எங்காவது கொண்டு போய் விடக்கூடும், பள்ளத்தாக்கு பெரிது.

கிராப் வாடகைக் காரில் போவதானால் போக வண்டி கிடைக்கும், திரும்பத்தான் பாடு. ஓட்டுநரிடம் 11.15க்குத் திரும்ப வரச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் கார் என்றால் பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, "இங்கதானே, பக்கம்தானே" என்று மடியில் வைக்காதீர்கள்.

வழியில் தாத்தா பாட்டி காரில் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். இப்போது செம்பனையாக நிற்கும் எத்தனையோ நிரை ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்). எந்த நிரையில் வெட்டினார்கள், ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது என்று அவர்கள் காட்டுவதும் இந்த ஊர்ச் சரித்திரம்தான், அதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது.

போய் இறங்கியதும்

முதலில் கழிப்பறை. பிள்ளை "வரல" என்று சொன்னாலும் கூட்டிப் போங்கள், மேலே ஏறிய பிறகு வரும்.

அருங்காட்சியகக் கட்டடம் முன்னால் இருப்பதால் எல்லோரும் அதற்குள்தான் முதலில் நுழைகிறார்கள். நீங்கள் நுழையாதீர்கள். வெயில் ஏறும் முன் சண்டிகள், வெயில் ஏறிய பிறகு கட்டடம். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் இந்தப் பயணத்தில் நடக்கும் பெரிய தப்பு.

வளாகத்தில் வேறு இடங்களிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து திரும்ப அடுக்கிய சண்டிகளும் உண்டு: பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம். அவற்றில் நின்று நேரம் கழிக்க வேண்டாம். நடந்து போகும்போதே பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: மூன்று விதக் கல்லைக் கண்டுபிடி. செங்கல், ஓட்டை ஓட்டையாகத் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும் செம்புரைக்கல், சாம்பல் நிறக் கருங்கல். நான்கு வயதுப் பிள்ளைகூட மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடும். இந்தக் கட்டடங்களைப் பற்றிப் பெரியவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பெரிய கோயிலில் முக்கால் மணி நேரம்

சண்டி புக்கிட் பத்து பாஹாட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1936, 1937இல் இந்தப் பள்ளத்தாக்கில் அகழ்ந்து இடங்களுக்கு எண் போட்டபோது இது 8ஆம் எண். 1959, 1960இல் அலாஸ்டர் லாம்ப் தலைமையில் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார்கள். 'பத்து' என்றால் கல், 'பாஹாட்' என்றால் உளி. உளிபட்ட கல் குன்று என்று பிள்ளைக்குச் சொல்லலாம்.

நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாமி எங்க?" அடுத்தது: "கூரை எங்க?" இரண்டுக்கும் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் கல், அது நின்றுவிட்டது. மேலே மரமும் கூரையும் இருந்தன, அவை மக்கிப் போயின. சாட்சி அங்கேயே இருக்கிறது: முன்பக்கம் வரிசையாகக் கிடக்கும் தூண் அடிக்கற்கள். அவற்றில்தான் மரத் தூண் நின்றது. அந்தக் கல் பக்கத்தில் பிள்ளையைத் தூண் மாதிரி நேராக நிற்கச் சொல்லி, நீங்கள் கையை விரித்துக் கூரையாகுங்கள். அப்பா, அம்மா, பெரியப்பா என்று நான்கு பேர் இருந்தால் மண்டபமே தயார்.

பிறகு வரிசையாக இவற்றைச் செய்யுங்கள். கோயிலைச் சுற்றி ஒருமுறை வலம் வாருங்கள், பிள்ளை தன் அடியால் எண்ணட்டும், எண்ணிக்கை தப்பினால் திருத்தாதீர்கள். அடுத்து, உயரமாக இருக்கும் சின்ன அறைப் பகுதி எது, தாழ்வாக நீண்டிருப்பது எது என்று கேளுங்கள். உயரமானது விமானம், நீண்டது மண்டபம். பீடோங் மாரியம்மன் கோயிலில் ஐயர் நிற்கும் இடம் எது, நாம் நிற்கும் இடம் எது என்று ஒப்பிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அபிஷேகத் தண்ணீர் வெளியே போக ஒரு வழி வேண்டும் அல்லவா? இந்தக் கோயிலில் அந்த நீர்த்தாரைக் கல் அகழ்வில் கிடைத்திருக்கிறது. "தண்ணி எந்தப் பக்கம் ஓடியிருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

மேலே ஏறி ஓடக் கூடாது. அடுக்கிய கல் ஆடும், பிள்ளைக்கும் ஆபத்து, கல்லுக்கும் சேதம். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை, இங்கே பூசை நடப்பதில்லை. கற்பூரம் கொளுத்துவது, குங்குமம் வைப்பது இரண்டும் வேண்டாம். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் கருங்கல்லில் ஏறிய எண்ணெயும் புகையும் போகாது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் போதும்.

மண்ணில் மணியோ ஓட்டுத் துண்டோ கண்ணில் பட்டால் பிள்ளை பையில் போடப் பார்க்கும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் இதற்கு இடம் தராது. அங்குள்ள ஊழியரிடம் பிள்ளையே கொண்டு போய்க் காட்டட்டும், அதில் பெருமை அதிகம். 2013இல் இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி நிலம் சமப்படுத்தும்போது இடிக்கப்பட்டுப் போனது. போனது போனதுதான்.

ஆற்றங்கரை

கோயிலை ஒட்டி ஆறு சலசலக்கும். பிள்ளைக்கு உண்மையில் பிடித்த இடம் இதுதான், அதை மறைக்க வேண்டாம். தடைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள். இல்லையென்றால் கணுக்கால் ஆழம் மட்டும், பெரியவர் ஒருவர் பிள்ளையின் மேல்கையைப் பிடித்தபடி. விரலை மட்டும் பிடித்தால் வழுக்கும்போது கை நழுவிவிடும்.

இந்த மலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெராய் 1,217 மீட்டர், சரிவு செங்குத்து. உச்சியில் பெய்த மழை நீங்கள் நிற்கும் இடத்துக்கு வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று இப்படி வந்த வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் பாறையும் மரமுமாக அடித்துக்கொண்டு வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடையாளங்கள் இவை: தெளிவாக ஓடிய தண்ணீர் தேநீர் நிறமாவது, இலையும் குச்சியும் திடீரென்று கூட்டமாக வருவது, மேலேயிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல். மூன்றில் ஒன்று தென்பட்டாலும் செருப்பைத் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். மலை முகட்டில் கறுப்பு மேகம் உட்கார்ந்திருந்தால் அன்று ஆறே கிடையாது.

அருங்காட்சியகம்: அரை மணி, நான்கே பொருள்

இட்லியைக் கீழே வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு உள்ளே போங்கள். எல்லாக் கண்ணாடிப் பெட்டியையும் பார்க்க முயன்றால் ஐந்தாவது பெட்டியில் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும். நான்கைத் தேடச் சொல்லுங்கள்: ஒன்பது குழிப் பேழை, மணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், நீர்த்தாரைக் கல். பேழையைக் காட்டிவிடாதீர்கள், தேடட்டும். மணிகளைப் பார்க்கும்போது "இது கப்பல்ல வந்துச்சு, கப்பல் எதுக்காக இங்க வரும்?" என்று கேளுங்கள். காற்றுதான் பதில். ஒரு பருவக் காற்றில் வந்த வணிகர்கள் எதிர்க்காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அலை இல்லாத மெர்போக் ஆற்று முகமும், நடுக்கடலிலிருந்தே தெரியும் ஜெராய் சிகரமும் அதற்குத் தோதாக இருந்தன.

பிள்ளையிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் தப்பு: "இது ராஜேந்திர சோழன் கட்டின கோயில்." எந்தக் கல்வெட்டும் அப்படிச் சொல்லவில்லை. கடாரம் என்பது இந்தக் கெடாதான். ராஜேந்திரனின் படை 1025இல் கடல் கடந்து வந்தது, கடாரத்து அரசனை வென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது, 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்தது. வந்து அடித்த படை அது. இங்கே வணிகமும் வழிபாடும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்தன. பட்டினப்பாலை சொல்லும் காழகத்து ஆக்கத்தைக் கடாரத்துப் பொருள் என்றே நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. படையெடுப்புக்கு முன்னால் நட்பும் இருந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்ததை ஆனைமங்கலச் செப்பேடு பதிந்து வைத்திருக்கிறது. பள்ளத்தாக்கில் சைவச் சின்னங்களோடு பௌத்தச் சின்னங்களும் கிடைத்திருப்பதால், "இது நம்மளுது மட்டும்" என்று சொல்லிக் கொடுப்பதும் சரியில்லை.

இவ்வளவும் பெரியவர்களுக்கு. ஐந்து வயதுக்கு மூன்று வாக்கியம்: ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னாடி கப்பல்ல ஆளுங்க வந்தாங்க. காத்து மாறும் வரைக்கும் இங்க தங்கினாங்க, சாமி கும்பிட இத கட்டினாங்க. கட்டும்போது அடியில ஒன்பது குழிப் பெட்டி வெச்சாங்க. ஆண்டுக் கணக்கு வேண்டாம். "ஆயிரம் வருஷம்" என்று சொல்ல ஆசையாக இருந்தால், "தாத்தாவோட தாத்தாவோட தாத்தாவுக்கும் ரொம்ப முன்னாடி" என்று சொல்லுங்கள்.

கெட்டுப் போகும் இடங்கள்

பிள்ளை நுழைந்ததுமே தூக்கச் சொல்லி அழுதால், பசியா என்று முதலில் பாருங்கள். காலை 7 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு 9 மணிக்கு ஒரு வாழைப்பழம் தேவை. மழை பிடித்துவிட்டால் வரிசையை மாற்றி நேரே அருங்காட்சியகம், பிறகு வீடு. ஈரப் படியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறவே வேண்டாம். பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் கீழே உள்ள சண்டி வரை கூட்டிப் போய் நிழலில் உட்கார வைத்து, ஒருவர் துணைக்கு இருங்கள்.

திரும்பும் வழியில் சுங்கை பத்து அகழ்விடத்தையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இரும்பு உருக்கிய உலைகளும் ஊதுகுழல் மண்குழாய்களும் கிடைத்த இடம், பெரியவர்களுக்கு அருமையானது. ஆனால் வெட்டவெளி, நண்பகலில் கொதிக்கும். 7 வயதுக்குக் கீழே என்றால் அதை இன்னொரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பீடோங் வந்து வாழையிலைக் கடையில் உட்காரலாம். பிள்ளை காரிலேயே தூங்கிவிட்டால் கட்டிக் கொண்டு வரச் சொல்லி நேரே வீட்டுக்குப் போய்விடுங்கள். வீடு சேர்ந்ததும் சப்பாத்தின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, காதுக்குப் பின்னால் அட்டையோ உண்ணியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளிக்க வையுங்கள். முட்டைத் தட்டுப் பெட்டி செங்கல்லுக்கு அடியிலேயே இருக்கட்டும், பயற்றில் வண்டு விழுந்தால் மட்டும் மாற்றி வைக்கலாம்.